ஏர் ரைஃபிளில் போல்ட்டுகளைச் சரியாக முறுக்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2019-இல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றாகப் பிரிந்த பழைய வேலூர் மாவட்டத்தில் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் பழகும் மாணவர்களும், அவர்களை அழைத்து வரும் பெற்றோரும் கேட்ட கேள்விகளுக்கான பதில்கள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. அண்மையில் வாங்கிய துப்பாக்கி ஒரு வாரம் நன்றாகச் சுட்டுவிட்டு அடுத்த வாரம் குறி மாறிப் போகிறது என்ற முறையீட்டோடுதான் பலரும் வருகிறார்கள். பெல்லட் எனும் சிறு குண்டையும் குறிபார்க்கும் சைட்டையும் மாற்றிப் பணம் செலவழிப்பதற்கு முன் பார்க்க வேண்டியது, குண்டு பாயும் குழலான பேரலோடு கூடிய ஆக்‌ஷனை ஸ்டாக்கோடு பிணைக்கும் போல்ட்டுகளைத்தான். ஆக்‌ஷன் என்பது குண்டை ஏற்றிச் சுடும் இயங்குபகுதி; ஸ்டாக் என்பது தோளில் வைத்துப் பிடிக்கும் உடல்.

ஒரு போல்ட் சற்றுத் தளர்ந்தால் குறி மாறும் என்பதை நம்ப முடியவில்லையே?

கணக்குப் போட்டுப் பார்த்தால் நம்புவீர்கள். 10 மீட்டர் ஏர் ரைஃபிள் இலக்கில் பத்தாம் வளையம் என்பது அரை மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு புள்ளிதான். முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடையே 80 சென்டிமீட்டர் தூரம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பேரல் தன் இருக்கையில், அதாவது அது படிந்து அமரும் இடத்தில், சரியாக உட்காராமல் முன் சைட் 0.05 மில்லிமீட்டர், அதாவது சாதாரண ஜெராக்ஸ் தாளின் கனத்தில் ஏறத்தாழ பாதி, நகர்ந்துவிட்டால், 10 மீட்டர் தொலைவில் குண்டு விழும் இடம் சுமார் 0.6 மில்லிமீட்டர் நகர்கிறது. தசம மதிப்பெண்ணில் ஒவ்வொரு 0.25 மில்லிமீட்டருக்கும் 0.1 புள்ளி போகும் என்பதால், அந்த ஒரு குண்டில் இரண்டு முதல் இரண்டரைத் தசமம் வரை இழக்க நேரிடும். 60 குண்டுகள் சுடும் தகுதிச் சுற்றில் ஒரு தசமத்துக்காக இறுதிப் போட்டியைத் தவறவிடுபவர்கள் உண்டு.

இதில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நகர்வு எப்போதும் ஒரே அளவாக, ஒரே பக்கமாக இருந்தால் பின் சைட்டில் சில கிளிக் திருப்பிச் சரிசெய்துவிடலாம். அதனால் நட்டம் ஏதுமில்லை. தளர்ந்த போல்ட் அப்படி நடந்துகொள்வதில்லை. ஒரு குண்டுக்கு ஆக்‌ஷன் இடப்பக்கம் சாய்ந்து உட்காரும், அடுத்த குண்டுக்குப் பழைய இடத்துக்கே திரும்பும். எனவே தேவைப்படுவது ஒவ்வொரு முறையும் ஒரே அளவு இறுக்கம். போல்ட்டை முறுக்குவது பற்றி இங்கே சொல்லப்படும் எல்லாமே அந்த ஒன்றை அடைவதற்கான வழிகள்.

அப்படியானால் முடிந்தவரை கெட்டியாக இறுக்கிவிட்டால் போயிற்று, தளராது அல்லவா?

தளராது, ஆனால் வேறு கேடு வரும். அளவுக்கு மிஞ்சி இறுக்கினால், ஸ்டாக்கின் இருக்கை முழுச் சமமாக இல்லாத இடத்தில் ஆக்‌ஷன் வளைந்து பொருந்தும். வளைந்த ஆக்‌ஷனில் பேரலும் தகைவோடு, அதாவது உள்ளழுத்தத்தோடு, இருக்கும். அந்தத் தகைவு வெப்பநிலைக்கும் கன்னப்பலகையில் முகம் பதியும் அழுத்தத்துக்கும் ஏற்ப மாறிக்கொண்டே இருக்கும். போல்ட் எஃகு, மரை வெட்டிய இடமோ பல துப்பாக்கிகளில் அலுமினியம் என்பதால் முதலில் மரை போய்விடும். மரை போன அலுமினியத்தில் பழுதுபார்ப்பு எவ்வளவு நேர்த்தியாகச் செய்தாலும் பழைய பிடிப்பை எதிர்பார்க்க முடியாது.

எவ்வளவு இறுக்குவது என்பதை முறுக்கு விசை என்று சொல்கிறார்களே, அதை எந்த அலகில் பார்ப்பது? கையேட்டில் ஒன்றும் இணையத்தில் ஒன்றும் இருக்கிறது.

கைப்பிடியில் கொடுக்கும் விசையை, போல்ட்டின் மையத்திலிருந்து கை இருக்கும் தூரத்தால் பெருக்கினால் வருவது முறுக்கு விசை. ஐரோப்பியத் துப்பாக்கிகளின் கையேடுகளில் அது நியூட்டன் மீட்டரில் இருக்கும்; அமெரிக்கர்கள் எழுதுவதில் அங்குல-பவுண்டிலோ அடி-பவுண்டிலோ இருக்கும்; நம் பட்டறைகளில் பழைய கருவிகளில் கிலோகிராம்-மீட்டரும் உண்டு. ஒரு நியூட்டன் மீட்டர் 8.85 அங்குல-பவுண்டு, ஒரு அடி-பவுண்டு 1.356 நியூட்டன் மீட்டர்; ஒரு கிலோகிராம்-மீட்டர் 9.81 நியூட்டன் மீட்டர்.

இந்த மாற்றத்தைத் தாளில் எழுதிக் கருவிப் பெட்டியின் மூடியில் ஒட்டிவைப்பது நல்லது. 45 அங்குல-பவுண்டு என்பது ஏறத்தாழ 5 நியூட்டன் மீட்டர்தான். அலகைப் பார்க்காமல் 45 என்ற எண்ணை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு நியூட்டன் மீட்டர் கருவியில் அதைப் பொருத்தினால், அந்த அளவு எட்டுவதற்குள் 6 மில்லிமீட்டர் போல்ட் முறிந்தோ மரையைப் பிடுங்கிக்கொண்டோ போயிருக்கும்.

முறுக்கும்போது போல்ட்டுக்குள் என்னதான் நடக்கிறது?

போல்ட் நீள்கிறது. நீண்ட போல்ட் பழைய நீளத்துக்குத் திரும்ப முயல்கிறது. அந்த இழுவிசைதான் ஆக்‌ஷனையும் ஸ்டாக்கையும் சேர்த்துப் பிடிக்கிறது. நாம் கொடுக்கும் முறுக்கில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் இந்த இழுவிசையாக மாறும். பாதியளவு போல்ட் தலைக்கு அடியிலுள்ள உராய்விலும், மிச்சம் மரைகளின் உராய்விலும் செலவாகிவிடும். உலர்ந்த 6 மில்லிமீட்டர் போல்ட்டை 5 நியூட்டன் மீட்டருக்கு முறுக்கினால் கிடைக்கும் இழுவிசை சுமார் 4,000 நியூட்டன், அதாவது நானூறு கிலோவுக்கும் மேற்பட்ட எடை இழுப்பதற்குச் சமம்.

இதே போல்ட் 20 மில்லிமீட்டர் நீளத்துக்குப் பிடித்திருந்தால், அந்த இழுவிசையில் அது நீளும் அளவு 0.02 மில்லிமீட்டர் மட்டுமே. அந்தச் சிறிய நீட்சியில்தான் முழுப் பிடிப்பும் இருக்கிறது. போல்ட் தலைக்கு அடியில் ஒட்டிய பெயின்ட், ஒரு மணல் துகள், நசுங்கக்கூடிய மரநார் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று அதே அளவுக்கு அமுங்கினாலும், போல்ட் ஒரு சுற்றுகூடத் திரும்பாமலேயே பிடிப்பின் பெரும்பகுதி போய்விடும். போல்ட் திரும்பவே இல்லை, எப்படித் தளர்ந்தது என்று கேட்பவர்களுக்குப் பதில் இதுதான். புதுத் துப்பாக்கியில் முதல் சில நாட்களுக்குள் ஒருமுறை அளவைச் சரிபார்க்கச் சொல்வதும் இதனால்தான்.

மரையில் எண்ணெய் போடலாமா?

கையேடு சொன்னால் போடுங்கள். சொல்லாவிட்டால் துடைத்து உலர்வாகவே வையுங்கள். எண்ணெய் போட்டால் உராய்வு குறைந்து, அதே 5 நியூட்டன் மீட்டருக்கு இழுவிசை மூன்றில் ஒரு பங்குவரை கூடிவிடலாம். ஒரு முறை உலர்வாகவும் அடுத்த முறை எண்ணெயோடும் முறுக்கினால், கருவி ஒரே எண்ணைக் காட்டும். துப்பாக்கி வேறுவிதமாகச் சுடும்.

என் மாமா ராணிப்பேட்டையில் தோல் தொழிற்சாலை ஃபிட்டர். அவர் கைக்குத் தெரியாத இறுக்கமா? முறுக்கு விசையை அளந்து முறுக்கும் டார்க் ரெஞ்ச் கட்டாயம் வேண்டுமா?

உங்கள் மாமாவின் கைமேல் எனக்கு முழு மரியாதை உண்டு. தோல் பதனிடும் டிரம்மின் போல்ட் எப்போது உட்கார்ந்தது என்பதை ஸ்பானர் கொடுக்கும் சிறு அதிர்விலேயே அவர் கண்டுபிடித்துவிடுவார். ஆனால் அந்தப் பழக்கம் பெரிய போல்ட்டிலும் நீளக் கைப்பிடியிலும் வந்தது. 5 நியூட்டன் மீட்டர் என்பது பத்து சென்டிமீட்டர் நீளமுள்ள ஆலன் கீயின் நுனியில் ஐந்து கிலோ எடையைத் தொங்கவிட்டது போன்ற சிறு விசை. அதில் காலையில் வரும் கைக்கும் மாலையில் களைத்த கைக்கும் உள்ள வேறுபாடே பெரிது. போட்டித் துப்பாக்கிக்கு டார்க் ரெஞ்ச் வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. மாமாவை உடன் வைத்துக்கொள்ளுங்கள். அவர் மரையைப் பார்த்ததுமே தேய்மானத்தைச் சொல்லிவிடுவார், அதை எந்தக் கருவியும் சொல்லாது.

எப்படிப்பட்ட டார்க் ரெஞ்ச் வாங்க வேண்டும்?

கார் பட்டறையில் சக்கர நட்டுக்கு வைத்திருப்பது உதவாது. அதன் அளவு பெரும்பாலும் 40 நியூட்டன் மீட்டருக்கு மேல்தான் தொடங்கும். நமக்குத் தேவை 2 முதல் 10 அல்லது 2 முதல் 20 நியூட்டன் மீட்டர் வரை அளக்கும் சிறு கருவி. விலையுயர்ந்த கார்பன் சைக்கிள்களின் பாகங்களை முறுக்க விற்கப்படும் கருவிகள் இந்த அளவில் இருப்பதால், வேலூர் கடைகளில் கிடைக்காவிட்டாலும் சைக்கிள் உதிரிபாகங்கள் விற்கும் பெரிய கடைகளில் கேட்கலாம்.

கிளிக் வகையில் வாங்கினால், கைப்பிடியின் நடுவில் பிடித்து மெதுவாக இழுத்து, முதல் கிளிக் கேட்டதும் நிறுத்த வேண்டும். சந்தேகத்துக்கு இன்னொரு கிளிக் என்று இழுப்பவர்கள் அதிகம்; ஒவ்வொரு கூடுதல் கிளிக்கிலும் போல்ட் இன்னும் சற்று இறுகுகிறது. வேலை முடிந்ததும் கருவியை அதன் மிகக் குறைந்த அளவுக்குத் திருப்பி வையுங்கள், உள்ளிருக்கும் ஸ்பிரிங் களைக்காமல் இருக்கும். போல்ட்டைக் கழற்ற இதைப் பயன்படுத்தக் கூடாது. ஆண்டுக்கு ஒருமுறை அளவுத்திருத்தம் செய்வது வழக்கம்.

நுனியில் பொருத்தும் ஆலன் பிட் புதிதாக இருக்கட்டும். 6 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு 5 மில்லிமீட்டர் பிட், 5 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு 4 மில்லிமீட்டர் பிட். முனை மழுங்கிய பிட் போல்ட் தலையின் அறுகோணத்தைத் தேய்த்துவிடும்.

சரி, எந்த முறையில் முறுக்குவது?

முதலில் துப்பாக்கி காலியாக இருப்பதை உறுதிசெய்து, பேரலுக்குள் பாதுகாப்புக் கொடியைச் செருகி, பேரலின் வாயை ஆட்கள் இல்லாத பக்கம் திருப்பி வையுங்கள். பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்கள் பயிற்சியாளரோ பெற்றோரோ அருகில் இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம்.

துப்பாக்கியைக் கவிழ்த்துத் துணி சுற்றிய தாங்கியில் கிடத்துங்கள். போல்ட்டுகளைக் கழற்றி, மரை, வாஷர், தலை உட்காரும் இடம், ஆக்‌ஷன் படியும் இருக்கை ஆகியவற்றை உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு, எல்லா போல்ட்டுகளையும் விரலால் மட்டும் பூட்டுங்கள். விரலால் பூட்டும்போதே ஓரிடத்தில் கடித்தால் மரை குறுக்கே ஏறுகிறது என்று பொருள். பின்னால் திருப்பி மறுபடி தொடங்க வேண்டுமே தவிர, கீயை எடுக்கக் கூடாது. எல்லாம் உட்கார்ந்த பிறகு ஆக்‌ஷனைக் கையால் பின்பக்கம் அழுத்தி இருக்கையில் சேர்த்து, முன் போல்ட்டையும் பின் போல்ட்டையும் மாறி மாறி, முதலில் பாதி அளவுக்கும் பிறகு முழு அளவுக்கும் முறுக்குங்கள். ஒன்றை முழுதாக இறுக்கிவிட்டு மற்றொன்றுக்குப் போனால், முதலாவது போல்ட் ஆக்‌ஷனை ஒரு பக்கம் இழுத்து வைத்துவிடும். இரண்டாவது போல்ட் அதைச் சரிசெய்வதற்குப் பதிலாக வளைக்கும்.

எந்த எண்ணுக்கு முறுக்குவது என்பதை உங்கள் துப்பாக்கியின் கையேடு மட்டுமே தீர்மானிக்க வேண்டும். ஒரே நிறுவனத்தின் இரண்டு மாடல்களுக்கே அளவு வேறுபடும். நண்பனின் துப்பாக்கிக்குச் சரியான எண் உங்களுடையதற்குச் சரியாக இருக்க வேண்டும் என்பதில்லை.

ஸ்டாக் மரத்தாலானது. அதற்கும் இதே முறைதானா?

முறை அதேதான், அளவு குறைவு. அலுமினிய ஸ்டாக் அமுங்காது. மரம் அமுங்கும், அதுவும் நார்களுக்குக் குறுக்கே விரைவாக அமுங்கும். போல்ட் போகும் துளையில் உலோகக் குழாய்ப் புறணி இருந்தால் அழுத்தம் அதன்மேல் விழும். இல்லாவிட்டால் முழு அழுத்தமும் மரத்தின்மேல். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரத்தை உறிஞ்சி உப்பும் மரம், பங்குனி, சித்திரையில் காய்ந்து சுருங்கும். எனவே மர ஸ்டாக் வைத்திருப்பவர்கள் மழைக்காலத் தொடக்கத்திலும் கோடைத் தொடக்கத்திலும் கட்டாயம் ஒருமுறை அளவு பார்க்க வேண்டும். மழையில் இறுகிப்போன போல்ட்டை மேலும் இறுக்கி வைத்தால், மரம் அங்கே நிரந்தரமாக நசுங்கி, கோடையில் பிடிப்பே இல்லாமல் போகும்.

வேலூர் வெயிலில் துப்பாக்கியைக் காரில் வைத்துவிட்டுப் போகலாமா?

கூடாது. மே மாதத்தில் வெளியே 40 பாகையைத் தாண்டும் ஊரில், மூடிய காருக்குள் சூடு அதைவிட வெகுவாக ஏறும். துப்பாக்கியில் குண்டைத் தள்ளும் காற்றை அடைத்து வைத்திருக்கும் சிலிண்டர், 25 பாகையில் 200 பார் அழுத்தம் நிரப்பியது, 65 பாகைக்கு வந்தால் அழுத்தம் சுமார் 227 பார் ஆகும். இது முதலில் பாதுகாப்புப் பிரச்சினை, பிறகுதான் குறிப் பிரச்சினை.

முறுக்கிலும் சூடு விளையாடும். ஒரே சூட்டுக்கு அலுமினியம் எஃகைவிட ஏறத்தாழ இருமடங்கு விரியும் என்பதால், அலுமினிய ஸ்டாக்கைப் பிடித்திருக்கும் எஃகு போல்ட்டின் இழுவிசை வெயிலில் கூடும், குளிரூட்டிய அறையில் குறையும். சுடும் அறையிலேயே அரை மணி நேரம் துப்பாக்கியை வைத்திருந்து, அந்த வெப்பநிலைக்கு வந்த பிறகு அளவு பாருங்கள்.

காற்று சிலிண்டரையும் டார்க் ரெஞ்சால் இறுக்கலாமா?

வேண்டவே வேண்டாம். கையால் மட்டும் பூட்ட வேண்டும். அங்கே காற்றை அடைப்பது ஓ-ரிங் என்னும் ரப்பர் வளையம். மரையின் இறுக்கத்துக்கு அதில் பங்கில்லை. காற்று கசிந்தால் வளையத்தை மாற்றுங்கள். சிலிண்டரின்மேல் பொறித்திருக்கும் தயாரிப்புத் தேதியிலிருந்து பத்து ஆண்டுகள் கடந்துவிட்டால், அது புதிது போலத் தெரிந்தாலும் பயன்படுத்தக் கூடாது, போட்டிகளிலும் அனுமதிக்கமாட்டார்கள்.

எங்களிடம் இருப்பது பேரலை மடக்கி லோடு செய்யும் ஸ்பிரிங் துப்பாக்கி. அதற்கும் இவை பொருந்துமா?

இன்னும் அதிகமாகப் பொருந்தும். ஸ்பிரிங் துப்பாக்கியில் கனமான பிஸ்டன் முன்னே பாய்ந்து நிற்பதால், துப்பாக்கி முதலில் பின்னாலும் உடனே முன்னாலும் உதறும். இந்த இருபக்க உதறல் ஸ்டாக் திருகுகளை வெகு விரைவில் தளர்த்திவிடும். இவற்றில் பேரல் ஒரு அச்சு போல்ட்டில் சுழல்கிறது. அதுதான் பேரலின் பிடிப்பு. ஸ்பிரிங் ஏற்றாத நிலையில் பேரலைச் சற்றே மடக்கி, நுனியைப் பிடித்து இடமும் வலமும் அசைத்துப் பாருங்கள். பக்கவாட்டு ஆட்டம் கையில் தெரிந்தால், அந்தத் துப்பாக்கியில் எந்த சைட்டை மாட்டினாலும் பயனில்லை. அச்சு போல்ட்டையும் அதன் வாஷர்களையும்தான் முதலில் பார்க்க வேண்டும்.

இவற்றின் ஸ்டாக் திருகுகளுக்கு மட்டும் மிதமான வலுவுள்ள, நீல நிற லாக்டைட் என்னும், மரை தளராமல் பிடிக்கும் பசையை ஒரு சொட்டுப் போடலாம். மரையை ஸ்பிரிட்டால் துடைத்து, போட்டபின் ஒரு நாள் அப்படியே விட வேண்டும். சிவப்பு நிறத்தைத் தொடாதீர்கள். அது பிடித்துவிட்டால் சூடுகாட்டித்தான் கழற்ற முடியும்.

பேரல் நட்டு என்று படித்தேன். அதை முறுக்கினால் துல்லியம் கூடுமாமே?

அது வேறு இனத் துப்பாக்கி. வெளிநாடுகளில் விற்கும் சில வெடிமருந்துத் துப்பாக்கிகளில் பேரலை ஆக்‌ஷனோடு பிணைப்பது ஒரு பெரிய நட்டு. ஏஆர்-15 போன்ற ஏஆர் வகையில் அதன் அளவு 30 முதல் 80 அடி-பவுண்டு, அதாவது சுமார் 41 முதல் 108 நியூட்டன் மீட்டர் வரை என்ற அகன்ற வரம்பாகக் கொடுக்கப்பட்டிருக்கும். மரையில் குறிப்பிட்ட கிரீஸ் தடவி, இருமுறை முறுக்கித் தளர்த்தி மரைகளை ஒன்றோடொன்று பழக்கிவிட்டு, மூன்றாம் முறை இறுதி அளவுக்குக் கொண்டுவருவார்கள். வாயுக் குழாய்க்கான துளை நேர்வரவில்லை என்றால் முன்னோக்கித்தான் முறுக்குவார்கள், பின்னோக்கித் தளர்த்தமாட்டார்கள். 1958-இல் வந்த சாவேஜ் 110 போன்ற துப்பாக்கிகளில் இந்த நட்டு தோட்டா உட்காரும் ஆழத்தையும் நிலைநிறுத்துகிறது. அதில் பிழை நேர்ந்தால் சுடுபவரின் உயிருக்கே ஆபத்து.

நம் நாட்டில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி வெடிமருந்துத் துப்பாக்கியைப் பழுதுபார்ப்பதற்கே உரிமம் வேண்டும். ஆகவே உரிமம் பெற்ற துப்பாக்கி வைத்திருப்பவரும் அதன் பேரலில் கைவைக்காமல், உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரிடமே கொடுக்க வேண்டும். 4.5 மில்லிமீட்டர் குழல் விட்டமும் 20 ஜூலுக்கு மிகாத ஆற்றலும் கொண்ட ஏர் ரைஃபிளுக்கு உரிமம் தேவையில்லை; போட்டி ஏர் ரைஃபிளின் ஆற்றல் எட்டு ஜூலுக்கு அருகில்தான் இருக்கும். ஆனாலும் அதில் பேரலை ஆக்‌ஷனில் பிடித்திருக்கும் சிறு திருகுகளைத் தொழிற்சாலை அளவிலேயே விட்டுவைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். ஸ்டாக் போல்ட்டுகள் நம் வேலை. பேரல் திருகுகள் ஆர்மரரின், அதாவது துப்பாக்கி பழுதுபார்ப்பவரின், வேலை.

சரியாக முறுக்கிவிட்டேனா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முதல் சோதனைக்கு விரல் போதும். ஆக்‌ஷனும் ஸ்டாக்கும் சேரும் விளிம்பில் விரல்நுனியை இரண்டிலும் படும்படி வைத்துக்கொண்டு, ஒரு போல்ட்டை மட்டும் மெல்லத் தளர்த்தி மீண்டும் முறுக்குங்கள். இருக்கை சமமாக இருந்தால் விரலுக்கு எதுவும் தெரியாது. ஆக்‌ஷன் மேலெழுந்து மீண்டும் அமிழ்வது உணரப்பட்டால், அது இத்தனை நாளும் வளைந்து பொருந்தியிருக்கிறது. நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் டயல் கேஜ் வைத்து அளக்க வசதியுள்ளவர்கள் 0.05 மில்லிமீட்டருக்கு மேல் அசைவு கண்டால் இருக்கையைச் சரிசெய்யக் கொடுக்க வேண்டும். மேலும் முறுக்கி அதை மறைக்கக் கூடாது.

இரண்டாவது சோதனை காகித இலக்கில். ஒரே பெட்டியின் பெல்லட்டுகளை, ஒரே தாங்கியில் வைத்து, பத்துப் பத்தாகச் சுட்டு, ஒவ்வொரு தாளிலும் தேதி, வெப்பநிலை, முன் போல்ட் அளவு, பின் போல்ட் அளவு ஆகியவற்றை எழுதுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். குண்டுக் கூட்டம் ஒட்டுமொத்தமாக இடம்மாறினால் சைட்டைத் திருப்பினால் போதும். கூட்டம் இரண்டாகப் பிரிந்து இரண்டு இடங்களில் விழுந்தால் ஆக்‌ஷன் இரண்டு நிலைகளில் உட்காருகிறது. போல்ட்டையும் இருக்கையையும் மறுபடி பாருங்கள். கூட்டம் எல்லாப் பக்கமும் சீராக விரிந்திருந்தால் போல்ட்டின்மேல் பழி போடாமல் வேறு பெல்லட் போட்டுப் பாருங்கள்.

எவ்வளவு நாளைக்கு ஒருமுறை பார்ப்பது?

ஸ்பிரிங் துப்பாக்கிக்கு ஒவ்வொரு பயிற்சிக்கு முன்பும். காற்று சிலிண்டர் துப்பாக்கிக்கு மாதம் ஒருமுறையும், ஒவ்வொரு போட்டிக்கும் சில நாட்கள் முன்பும், பேருந்திலோ ரயிலிலோ நெடுந்தூரம் கொண்டுபோன பிறகும். பார்ப்பது என்றால் கழற்றி முறுக்குவது என்று பொருளில்லை. கருவியைக் குறித்த அளவில் வைத்து, போல்ட் திரும்புவதற்கு முன் கிளிக் கேட்கிறதா என்று பார்த்தாலே போதும். போட்டியன்று காலையில் போல்ட்டைத் தொட வேண்டாம். தொட்டே ஆக வேண்டிய நிலை வந்தால், சோதனைச் சுற்றில் சைட்டை மீண்டும் சரிபார்க்கும் அளவுக்கு நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.